கேட்காமல் சொன்ன ஆமென்

மகனே,

இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, ஹெல்மெட் மாட்டிக்கொண்டே கேட்டு முடித்திருப்பாய். தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். ஓய்வுநாள் பள்ளிக்காக உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துப் படிக்கவைத்த அளவோடு உன் தமிழ் நின்றுவிட்டது. அதற்காக உன்னை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். இன்றைக்கு அதுதான் எனக்கு வசதியாக இருக்கிறது. ஒவ்வொரு வார்த்தையாக நின்று படி. ஷீபாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. அவள் கோயம்புத்தூர்ப் பெண், கடகடவென்று வாசித்துவிடுவாள். இது அப்படி வாசிக்க வேண்டிய கடிதம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஷீபா மெட்ரோ பிடித்து நேரே பிம்ப்ரியில் நம் வீட்டுக்கு வந்துவிட்டாள். கையில் டீயோடு கடிக்க ஒரு பாக்கெட் பாக்கர்வடி. நீ அனுப்பவில்லை, தானாகத்தான் வந்தேன் என்று செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள். டீ போட்டுக் கொடுத்தேன். பாதி டீ ஆறிப்போகும்வரை கல்யாண அழைப்பிதழ், மண்டபம், பந்தி என்று சுற்றிச் சுற்றிப் பேசினாள். பிறகு, “மாமா, ஒண்ணு கேக்கோணும். கோவிச்சுக்காதீங்க” என்றாள். கேளம்மா என்றேன். “கல்யாணத்துக்கப்புறம் தினமும் ரெண்டு பேரும் சேர்ந்து ஜெபிக்கலாம்னு சொன்னேனுங்க. முடியவே முடியாதுன்னுட்டார். கோயிலுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி நீங்க எங்க தலைல கை வெச்சு ஜெபிக்கறதும் வேண்டாங்கறார். ஏன்னு கேட்டா, ‘எங்கப்பா ஜெபம் பண்ணிப் பண்ணியே எங்கம்மா போயிட்டாங்க’ங்கறாருங்க. அப்படீன்னா என்னங்க மாமா?”

இன்னொரு டீ போடட்டுமா என்று கேட்டேன். அந்தப் பெண் வேண்டாங்க மாமா என்று எழுந்தாள். உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உனக்குத் தெரிந்ததைத்தான் நீ சொல்லியிருக்கிறாய். உனக்குத் தெரிந்தது தப்பு. தப்பாகத் தெரியும்படி செய்தவன் நான். பதினோரு வருஷமாக அதைத் திருத்தாமல் வைத்திருந்தவனும் நான்தான். இன்னும் நான்கு வாரத்தில் உனக்குக் கல்யாணம். இப்போதும் சொல்லாமல் விட்டால் உன் வீட்டிலும் அந்தத் தப்பு குடிபோய்விடும். எனக்கு அது பயமாக இருக்கிறது.

நம் வீட்டுக் குடும்ப ஜெபம் உனக்கு நினைவிருக்கும். சாயங்காலம் ஏழரைக்கு டிவியை அணைத்துவிட்டுப் பாய் விரிப்போம். ஒரு பாட்டு, ஒரு வேதப் பகுதி, பிறகு முதலில் நீ ஜெபிக்க வேண்டும், அடுத்து அம்மா, கடைசியில் நான். கர்த்தருடைய ஜெபத்தோடு முடிப்போம். உன் ஜெபம் பரீட்சை, கிரிக்கெட், எதிர்வீட்டு நாய் என்று முக்கால் நிமிஷத்தில் முடிந்துவிடும். அம்மாவின் ஜெபம்தான் வேடிக்கை. நேரே சொல்லத் தயங்குகிறதையெல்லாம் அவள் ஆண்டவரிடம் சொல்வதுபோல நம்மிடம் சொல்லிவிடுவாள். “ஆண்டவரே, கேஸ் நாளைக்குத் தீந்துரும் போல இருக்கு, அவுகளுக்கு புக் பண்ண ஞாபகத்தைக் குடுங்க” என்பாள். “இந்த வீட்டுல ஈரத் துண்டைக் கட்டில்ல போடுறவனுக்கு நல்ல புத்தி குடுங்க” என்பாள். நீ கண்ணை மூடியபடியே சிரிப்பாய், பாய் குலுங்கும். கோபமோ பயமோ வெட்கமோ, எதுவானாலும் அவளுக்கு அந்த நேரம்தான் வாய் திறக்கிற நேரம். இருபது வருஷம் கூட வாழ்ந்தவன், இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியவன், நான்.

என் ஜெபமோ வேறு மாதிரி. இங்கே நம் தமிழ்ச் சபையில் எனக்கு ஜெபவீரர் என்று பெயர் இருந்தது. கேலியாக இல்லை, மதிப்பாகத்தான் சொன்னார்கள். யார் வீட்டுப் பிரதிஷ்டையானாலும், யாருக்குக் குழந்தை பிறந்தாலும் என்னைத்தான் ஜெபிக்கச் சொல்வார்கள். தங்குதடையில்லாமல் பத்து நிமிஷம் நல்ல சபைத் தமிழில் ஜெபிப்பேன். முடிந்ததும் யாராவது வந்து கையைப் பிடித்து, “அருமையா ஜெபிச்சீங்க” என்பார்கள். அதற்காகத்தான் ஜெபித்தேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அதற்காகத்தான் ஜெபித்தேன். ஒரு தடவை நம் வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளிகள் முன்னால் உன் அம்மா வழக்கம்போல வீட்டுப் பேச்சில் ஜெபித்தாள். ஜெபம் முடிந்ததும் நான் சிரித்துக்கொண்டே, “இவ ஆண்டவரையும் அடுக்களைக்குள்ள கூப்பிட்டு உக்கார வச்சிருவா” என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் ஜெபிக்கும்போது குரல் தாழ்ந்துபோனது. தாழ்ந்ததை நான் கவனித்தேன். அடக்கம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நீ பதினொன்றாவது படித்த வருஷம், அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வியாழக்கிழமை. ஞாயிறு ஆராதனையில் மன்றாட்டு ஜெபம் என் பொறுப்பு. மும்பையிலிருந்து ஒரு பெரிய ஆயர் வரப்போகிறார் என்று சொல்லியிருந்தார்கள். அன்று சாயங்காலம் பாயில் உட்கார்ந்து கண்ணை மூடியதும் என் மனசு அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டது. நீ ஜெபித்தாய், என்ன ஜெபித்தாய் என்று தெரியாது. உன் அம்மா ஜெபித்தாள். அவள் ஜெபித்துக்கொண்டிருந்தபோது நான் ஒரு வரியைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். விதையை மறைத்துவைத்து விளைச்சலை வெளியே காட்டுகிற தேவனே, என்பது அந்த வரி. ‘வெளியே காட்டுகிற’ நன்றாக இருக்கிறதா ‘வெளியரங்கமாக்குகிற’ நன்றாக இருக்கிறதா என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். அவள் குரல் நின்றது. நின்றதும் வழக்கம்போல ஆமென் சொன்னேன். அழுத்திச் சொன்னேன், அது என் பழக்கம். பிறகு என் ஜெபத்தை முடித்துவிட்டு, “தோசைக்குச் சட்னியா, சாம்பாரா?” என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். “சட்னி” என்றாள்.

அவள் ஜெபத்தில் சொன்னது இது: “ஆண்டவரே, இடது மார்புல ஒரு கட்டி தட்டுப்படுது. பத்து நாளாச்சு. எனக்குப் பயமா இருக்கு.” இந்த மூன்று வாக்கியமும் அவள் வாயிலிருந்து எனக்குக் கிடைத்ததல்ல. உன் வாயிலிருந்து கிடைத்தது. அதற்கு வருகிறேன்.

நான் கம்பெனியில் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். ஊசி மருந்துக் குப்பிகள் வரிசையாக விளக்கு வெளிச்சத்தில் நகர்ந்து வரும். பின்னால் ஒரு கறுப்புப் பலகை, ஒரு வெள்ளைப் பலகை. உள்ளே ஒரு தூசியோ கண்ணாடியில் ஒரு கீறலோ இருந்தால் பார்த்து எடுத்துவிட வேண்டும். கண் களைத்துவிடும் என்று அரை மணிக்கு ஒரு தடவை ஆளை மாற்றுவார்கள். எங்கள் மேற்பார்வையாளர் பின்னால் நடந்துகொண்டே மராத்தியில், “லக்ஷ தே, லக்ஷ தே” என்பார், கவனம் வை என்று. என் கண்ணிலிருந்து ஒரு நூல் துண்டு தப்பியதில்லை என்று எனக்குப் பெருமை. முகம் தெரியாத யாரோ ஒருவருக்குப் போகிற மருந்தில் மயிரிழையைப் பார்த்துவிடுகிறவன், ஒரு முழம் தள்ளி ஒரே பாயில் உட்கார்ந்திருந்தவள் சொன்னதைக் கேட்கவில்லை.

அவள் மூன்று மாதம் காத்திருந்தாள். ஆமென் சொன்னவர் கேட்டிருக்கிறார், அவராக டாக்டரிடம் கூட்டிப்போவார் என்று காத்திருந்தாள். நான் ஒன்றும் சொல்லாதபோது, எனக்காக உபவாசமிருந்து ஜெபிக்கிறார் போல, பதில் வரும்வரை பேசவேண்டாம் என்று இருக்கிறார் போல என்று அவளே ஒரு காரணத்தைத் தைத்துக்கொண்டாள். இதெல்லாம் பிறகு அவளே சொன்னது. ஒரு நாள் காலையில் டிபன் பாக்ஸைக் கையில் கொடுக்கும்போது, “என்கிட்ட ஏதும் சொல்லணுமா?” என்று கேட்டாள். “இல்லையே, என்ன?” என்றேன். “ஒண்ணுமில்ல” என்றாள். கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது, நான் ஓடிவிட்டேன். டிசம்பரில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இருந்த பெட்டியைப் பரணிலிருந்து இறக்கும்போது அவள் இடது கையைத் தூக்க முடியாமல் நின்றாளே, அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. நீதான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் படங்களைப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால், என்று ஆரம்பித்து உன்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். வெளியே வராந்தாவில் நீ என் சட்டையைப் பிடித்தாய். கோபம் வந்தால் உனக்கு ஹிந்திதான் முந்திக்கொண்டு வரும். “அம்மா அன்னைக்கே பிரேயர்ல சொன்னாங்க. கட்டி இருக்கு, பத்து நாளாச்சு, பயமா இருக்குன்னு சொன்னாங்க. நீங்க ஆமென் சொன்னீங்க. ஃபிர் க்யூ நஹி லே கயே, அப்பா? ஏன் கூட்டிட்டுப் போகல?” சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிஷத்தில்தான் எனக்கு முதல்முறையாக அந்த ஜெபம் காதில் விழுந்தது. எனக்கு இரண்டு பதில் இருந்தன. நான் கேட்கவில்லையடா, வேறு ஏதோ நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது ஒன்று. நான் சொன்னது மற்றது: “கர்த்தர் பாத்துக்கிடுவார்னு இருந்துட்டேம்லே.”

அது பொய். ஆனால் மதிப்பான பொய். கவனமில்லாத புருஷன் என்று ஆவதைவிட அளவுக்கு மீறி விசுவாசம் வைத்தவன் என்று ஆவது எனக்குச் சுலபமாக இருந்தது. நீ கையை எடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாய். அன்றைக்கு நீ விட்டது என் சட்டையை மட்டும் இல்லை என்று எனக்குப் புரிய ரொம்ப நாளாயிற்று. உன் அம்மாவிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. சிகிச்சை நடந்த மாதங்களில் ஒரு மத்தியானம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அன்னைக்கு நீங்க ஆமென் சொன்னீகல்லா, அதுக்கப்புறம் எனக்குப் பாதிப் பயம் போயிட்டு. ரெண்டு பேருமா சுமக்கோம்னு இருந்துச்சு” என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவள் தனியாகத்தான் சுமந்தாள். அது தெரியாமலே போய்விட்டாள். தெரியாமல் போனது அவளுக்கு நல்லதா என்று நான் கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை. அடக்க ஆராதனையில் சபையார் ஒருவர் எழுந்து, வைத்தியத்தைவிட ஜெபத்தை நம்பிய குடும்பம் என்று சாட்சி சொன்னபோதும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ எழுந்து வெளியே போனாய். அதற்குப் பிறகு நீ கோயிலுக்கு வரவில்லை.

அதனால் இதைக் கேள். உன் அம்மா ஜெபத்தால் சாகவில்லை. நம் வீட்டில் அன்றைக்கு ஜெபித்தது ஒருத்திதான், அவள் ஒழுங்காகத்தான் ஜெபித்தாள். ஆண்டவரைப் பார்த்து நீ பதினோரு வருஷமாகப் படுகிற கோபம் என்மேல் படவேண்டிய கோபம். அதை நான் அவர் தலையில் தள்ளிவிட்டுத் தப்பித்துக்கொண்டேன். இன்னொன்று. நீயும் அன்றைக்குக் கேட்டாய், நீயும் ஒன்றும் சொல்லவில்லை. அது உனக்குள் எங்கேயோ குத்திக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. வேண்டாம். பதினாறு வயசுப் பையன் கேட்டான், அப்பாவும் கேட்டிருக்கிறார் என்று நம்பினான். நம்பியதில் தப்பில்லை.

இப்போது நான் எப்படி ஜெபிக்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. அவள் போன பிறகு தொண்டை சரியில்லை என்று சொல்லி மன்றாட்டு ஜெபத்தை விட்டுவிட்டேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை. சாயங்காலம் ஏழரைக்குப் பாயில் உட்கார முழங்கால் இடம்கொடுக்கவில்லை, நாற்காலியில் உட்காருகிறேன். கண்ணை மூடுவதில்லை. மூடினால் மனசு உள்ளே ஒரு மேடை போட்டுவிடுகிறது, வரிகள் தானாக வருகின்றன. திறந்த கண்ணோடு, அவள் உட்காரும் இடத்தைப் பார்த்துக்கொண்டு, அவள் பேசின மாதிரியே வீட்டுப் பேச்சில் பேசுகிறேன். ஒரு பெயரைச் சொல்கிறேன், அந்த ஆளின் முகம் மனசில் வரும்வரை அடுத்த பெயருக்குப் போவதில்லை. ஆனாலும் மனசு ஓடுகிறது. மேல்வீட்டு மிக்சிக்கு ஓடுகிறது, மின்சார பில்லுக்கு ஓடுகிறது, உனக்கு ஓடுகிறது. முன்பெல்லாம் அதைத் திட்டி இழுத்துவருவேன். இப்போது எங்கே போனதோ அதையே ஆண்டவரிடம் சொல்லிவிடுகிறேன். குப்பி பார்க்கும்போதும் அப்படித்தான், கண் விலகாதவன் யாரும் அங்கே இருந்ததில்லை. விலகியதை ஒப்புக்கொண்டு திரும்பிப் பார்க்கிறவனைத்தான் வேலைக்கு வைத்திருந்தார்கள். ஒரு மாலையில் ஏழெட்டுத் தடவையாவது நான் திரும்பி வருகிறேன். சில நாள் ஜெபம் என்று சொல்ல அது மட்டும்தான் மிஞ்சுகிறது.

மற்றவர்கள் ஜெபிக்கும்போது உடனே ஆமென் சொல்வதையும் விட்டுவிட்டேன். அவர்கள் சொன்னதில் ஒன்றையாவது மனசுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அதனால் எல்லாரும் சொல்லி முடித்த பிறகு என் ஆமென் மட்டும் தனியாக வருகிறது, பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இரண்டு மாதம் முன்னால் கோந்த்வாவில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண், கைக்குழந்தைக்காரி, நன்றி நன்றி என்று ஜெபித்துக்கொண்டே போனாள். நடுவில், தூக்கமில்லாத இந்த நாட்களிலும் கூட இருக்கிறீரே, என்று ஒரு வரி வந்தது. எல்லாரும் ஆமென் சொல்லிவிட்டு சமோசாவுக்கு எழுந்தார்கள். நான் அவள் பக்கத்தில் போய், “தூக்கம் இல்லைன்னு சொன்னியேம்மா, எத்தனை நாளா?” என்று கேட்டேன். ஜெபத்தில் சொன்னதைப் போய்க் கேட்கலாமா என்று ஒரு அம்மாள் என்னை முறைத்தார். அந்தப் பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். அவளை மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போனது அந்த முறைத்த அம்மாள்தான். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான் பஸ்ஸில் உட்கார்ந்து, இவ்வளவுதானே, ஒரு கேள்விதானே என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

உன் கல்யாணத்தன்று நான் தலையில் கைவைத்து ஜெபிக்க வேண்டாம் என்றால் வேண்டாம். பக்கத்தில் நிற்கிறேன், அது போதும். ஷீபாவோடு சேர்ந்து ஜெபி என்று சொல்கிற யோக்கியதையும் எனக்கில்லை. அவள் ஜெபிக்கும்போது அந்த அறையில் இரு என்று மட்டும் கேட்கிறேன். போனைத் தள்ளிவை. அவள் நிறுத்தியதும், உனக்கு நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும், என்ன சொன்னாய் என்று ஒரு தடவை கேள். ஆமென் சொல்வது பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று இந்தக் கடிதத்தில் எழுதலாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். எழுதவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு அந்த மூன்று வாக்கியத்தோடு அவள் ஜெபம் முடிந்திருக்காது. உன் அம்மா அவ்வளவு சீக்கிரம் முடிக்கிறவள் இல்லை. அதற்குப் பிறகு ஏதோ கேட்டிருக்கிறாள். உனக்காகக் கேட்டாளா, எனக்காகக் கேட்டாளா, தெரியாது. நான் என் வரியைச் செதுக்கிக்கொண்டிருந்தேன், அந்த வரி மட்டும் இன்றைக்கும் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. அவள் சொன்னது பூமியில் ஒருத்தனுக்குத்தான் தெரியும், அது நீ. எவ்வளவு நினைவிருக்கிறதோ அவ்வளவு போதும். ஒரு நாள் சாயங்காலம் உன் கராடி வீட்டிலிருந்து கிளம்பி வா. வந்து உட்கார்ந்து, அவள் வேறு என்ன கேட்டாள் என்று சொல். நான் கேட்டுவிட்டு ஆமென் சொல்ல வேண்டும்.

உன் அப்பா